கருவி வந்துவிட்டது, கை பழகட்டும்

ஜனவரி மாதத்து நுவரெலியா விடியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புல்லின் நுனியில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். பனி பட்ட கொழுந்து இரண்டு நாளில் கருகிச் சிவந்துபோகும். அப்படியொரு காலையில், மலை உச்சித் தோட்டமொன்றின் கிளினிக்கில், இரவெல்லாம் தகர அலுமாரிக்குள் குளிர்ந்து கிடந்த குளுக்கோமீட்டரை எடுத்து ஒரு துளி இரத்தம் வைத்தால், பல சமயம் அது சீனியின் அளவைச் சொல்லாது. ஏதோ ஒரு குறியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மிஷின் பழுது என்று நினைத்து அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். உண்மையில் மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தையில் கிடைக்கும் குளுக்கோமீட்டர்களில் பல 10 பாகை செல்சியசுக்குக் கீழே அளக்க மறுக்கும்படி செய்யப்பட்டவை. கம்பளிச் சட்டைப் பைக்குள் இருபது நிமிடம் வைத்திருந்தால் அது ஒழுங்காக வேலை செய்யும். இந்த விஷயம் பெட்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

அதே கருவிக்கு இன்னொரு பகை மூடுபனி. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு பத்துப் பேருக்கு இரத்தம் பார்த்தால், ஈரத்தைக் குடித்த ஸ்ட்ரிப் பிழையான எண்ணைக் காட்டத் தொடங்கும். மிஷின் நின்றுபோனால் சந்தேகமாவது வரும். பிழையான எண் பளிச்சென்று திரையில் தெரிந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? அந்த எண்ணை நம்பி ஒரு தாய்க்கு மாத்திரையைக் கூட்டுவார்கள், அல்லது குறைப்பார்கள்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மலைகளுக்கு மருத்துவக் கருவிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்திய அரசின் நன்கொடையில் கட்டப்பட்ட டிக்கோயா வைத்தியசாலை 150 கட்டில்களோடு 2017 மே 12ஆம் திகதி திறக்கப்பட்டது. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் புதிய கட்டடம் எழுந்தது. கொரோனா காலத்திலும், 2022இன் பொருளாதார நெருக்கடியிலும், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் கோயில் சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் அனுப்பிய பெட்டிகள் தோட்டத்து டிஸ்பென்சரி வரை ஏறி வந்தன. பெட்டிக்குள் கருவி இருந்தது. அதைக் கையாளும் பழக்கத்தைப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது. இன்று அதைப் போன் வழியாக அனுப்ப முடியும். அனுப்பி வைப்பதும், அனுப்பியது கைக்குப் பழகிவிட்டதா என்று பார்ப்பதும் சுகாதார அமைச்சின் தனி வேலை என்று நாம் விலகி நிற்கக் கூடாது என்று சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மலைக்கென்று சில குணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாத எந்தப் பயிற்சியும் இங்கே முழுப் பயிற்சி ஆகாது. கொழுந்து எடுத்துவிட்டு நேரே டிஸ்பென்சரிக்கு வரும் பெண்ணின் விரல்களை நினைத்துப் பாருங்கள். மழையில் விறைத்து, தோல் ஊறி, சாயம் ஏறிய விரல்கள். விரல் நுனியில் மாட்டும் ஒக்சிமீட்டர், தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, இரத்தம் துடிக்கும் துடிப்பிலிருந்து ஒக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி 1970களில் கண்டறிந்த வழி அது. விரல் குளிர்ந்து இரத்தக் குழாய்கள் சுருங்கியிருந்தால் அந்தத் துடிப்பு கருவிக்கு எட்டாது. எண் குறைவாகவோ தாறுமாறாகவோ வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, விரலைத் துடைத்து, எண் ஒரே இடத்தில் நிற்கும் வரை அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

எண் கூடிக் காட்டும் ஆபத்தும் உண்டு. கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டக்கூடும் என்பதை அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு உலகுக்கு உணர்த்தியது. வெயிலிலும் மழையிலும் நின்று கறுத்த நம் தொழிலாளியின் விரலில் 93 என்று வந்தால், எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆள் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறாரா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று கண்ணாலும் பார்க்க வேண்டும்.

பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். கையில் சுற்றும் பட்டி ஆளுக்கேற்ற அளவாக இருக்க வேண்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டியைச் சுற்றினால் பிரஷர் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். 2016இல் நாடு முழுவதும் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் இலங்கை முழுவதற்கும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். அந்தக் குழந்தைகள்தான் வளர்ந்து தாய்மார் ஆகிறார்கள். அவர்களின் மெலிந்த கையில், கிளினிக்கில் உள்ள ஒரே பட்டியைச் சுற்றி, பிரஷர் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டால், கர்ப்ப காலத்தில் ஏறும் இரத்த அழுத்தம் கண்ணில் படாமலே போகும். கர்ப்பிணியின் பிரஷர் கவனிக்காமல் விடப்பட்டால் வலிப்பு வரை கொண்டுபோகும் என்பது எந்த மருத்துவமாதுக்கும் தெரியும். பட்டியின் அகலம் அந்த எண்ணையே மாற்றிவிடும் என்பதை அவருக்கு யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்களா?

கருவிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டொப்லர் கருவியிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. வயிற்றில் வைத்ததும் டப் டப் என்று சத்தம் வரும். கூடியிருப்பவர்கள் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் அது தாயின் துடிப்பாகவும் இருக்கலாம். ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு துடிப்பும் வேறு வேறா என்று பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். காட்டிக் கொடுக்க மூன்று நிமிடம் போதும்.

கருவிகளைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் பழைய வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக அதிக நேரம் எடுப்பதை நம் வீட்டுப் பெண்கள் எப்போதும் அறிவார்கள். அடுப்படியில் தெரிந்த இந்த உண்மை டிஸ்பென்சரி மேசைக்கும் பொருந்தும். கொதிநீரை மட்டும் நம்பாமல், அமுக்கத்தோடு இயங்கும் ஒட்டோகிளேவை முறையாகப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு மலையில் இன்னும் வலுவான காரணம் இருக்கிறது.

என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021இல் கொரோனா உச்சத்தில் இருந்த வேளை. என் சித்தப்பாவுக்கு இரவு பத்து மணிக்கு மூச்சு முட்டியது. பக்கத்திலுள்ள ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே வெளிநாட்டு உறவுகள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த ஒக்சிஜன் மிஷின் ஒன்று இருந்தது. கையளித்த நாளில் கட்டிய சிவப்பு ரிபன்கூட அதன் கைப்பிடியில் அப்படியே இருந்தது. போட்டார்கள். பத்து நிமிடத்தில் அது கத்தத் தொடங்கியது. வெடித்துவிடுமோ என்று பயந்து நிறுத்தினார்கள். பிறகு தோட்டத்து வாகனத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு மணி நேரம் ஆனது. வழியெல்லாம் சித்தப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே போனேன். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார். பின்னர் அந்த மிஷினைப் பார்த்த ஒருவர் சொன்னார்: சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள், காற்றை உள்ளே இழுக்கும் வடிகட்டி தூசியால் அடைபட்டிருந்தது, கழுவிக் காயவைத்து, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தால் சரியாகிவிடும். அப்படியே ஆனது.

அன்றிரவு கடமையில் இருந்த மிஸ்ஸியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எங்களோடு கேற் வரை ஓடிவந்தார். அவர் கண்ணில் இருந்த கலக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த மிஷினை அவருக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. கையளிப்பு விழாவில் படம் எடுத்தவர்கள் நாங்கள்தான். சொல்லிக் கொடுக்க ஆள் அனுப்ப வேண்டும் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இது நம் மலைக்கு மட்டும் நேர்ந்த கதை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ரொபர்ட் மால்கினும் அவரது சக ஆய்வாளரும், வசதி குறைந்த 16 நாடுகளில் 112,040 கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், அவற்றில் 38.3 சதவீதம் இயங்காமல் கிடந்ததாக எழுதினார்கள். காரணங்களில் பயிற்சியின்மையும் ஒன்று. பழுதென்று ஒதுக்கப்பட்ட கருவிகளில் மூன்றில் இரண்டு பங்கை, பெரிய தொழில்நுட்பப் படிப்பு இல்லாமலே, சிறிய சிறிய திறன்களைப் பழகியவர்களால் மீண்டும் இயங்க வைக்க முடியும் என்பதும் மால்கினின் இன்னொரு ஆய்வின் முடிவு. புதுக் கருவி வாங்கும் காசில் ஒரு சிறு பங்கைச் சொல்லிக் கொடுப்பதற்குச் செலவிட்டால் எவ்வளவு மிச்சமாகும் என்று அவரவரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பயிற்சி ஏன் மேலே வருவதில்லை? களுத்துறையிலுள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் ஆசியாவின் முன்னோடி நிலையங்களில் ஒன்று, 1926இல் தொடங்கியது. கொழும்பிலும் கண்டியிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் டயகமவிலோ பொகவந்தலாவையிலோ இருக்கும் ஒரு மருத்துவமாது ஒரு நாள் பயிற்சிக்குக் கொழும்பு போய் வர இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளும் அவருடைய இடத்தில் நிற்க வேறு ஆள் இல்லை. விற்பனை முகவர் வந்து கருவியை இறக்கி வைக்கும்போது ஒரு மணி நேரம் விளக்கிவிட்டுப் போவார், அன்று கடமையில் இருந்தவருக்கு மட்டும். அடுத்த வருட இடமாற்றத்தில் அவரும் போய்விடுவார். மலைப் பிரதேச நியமனத்தைக் கஷ்டப் பிரதேசம் என்று எண்ணிச் சீக்கிரம் மாறிப்போகிறவர்கள் அதிகம். கற்றவர் போகும்போது கல்வியும் பஸ் ஏறிவிடுகிறது.

தோட்டப்புறத்துக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பிரித்தானியர் காலத்தில், 1912இன் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்ட உரிமையாளரின் கடமைகளில் ஒன்றாக வைத்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் கம்பனிகளின் முகாமைக்குப் போயின. தோட்ட ஆஸ்பத்திரிகளில் சிலவற்றை 1990களிலிருந்து அரசு பொறுப்பேற்றது; மற்றவை பழைய நிலையிலேயே நிற்கின்றன. இதனால் பக்கத்துப் பக்கத்து மலையில் வேலை செய்யும் இருவரில் ஒருவர் மாகாண சபையின் ஊழியர். மற்றவர் தோட்டத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் ஒரு பக்கம், பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை ஒரு பக்கம். பயிற்சிக்கு ஆள் அழைக்கும் கடிதம் இந்த இடைவெளியில் எளிதாக விழுந்துவிடும்.

இணையவழிப் பாடத்துக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஆள் மாறினாலும் பாடம் அங்கேயே இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மிஷின் கத்தினால் ஐந்து நிமிட வீடியோவைத் திறந்து பார்க்கலாம். அரச ஊழியரா தோட்ட ஊழியரா என்று அது கேட்காது. உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் தொடங்கிய இலவச இணையப் பாடத்தளத்தில் கொரோனா காலத்தில் உலகெங்கும் இலட்சக்கணக்கில் சேர்ந்து படித்தார்கள். தொலைவிலிருந்து மருத்துவ ஊழியருக்குக் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு உலகம் பதில் கண்டுவிட்டது.

அந்தப் பதிலில் எனக்குப் பிடித்தது நியூ மெக்சிகோவின் கதை. பரந்த பாலைநிலமும் சிதறிய சிற்றூர்களும் கொண்ட அந்த மாநிலத்தில், ஹெப்படைடிஸ் சி நோய்க்கு மருந்து கொடுக்கத் தெரிந்த நிபுணர்கள் நகரத்தில் மட்டுமே இருந்தார்கள். இந்தியாவில் பிறந்த டொக்டர் சஞ்சீவ் அரோரா 2003இல் ஒரு வழி செய்தார். கிராமத்து மருத்துவர்களையும் தாதியரையும் வாரம் ஒருமுறை திரையில் கூட்டினார். ஒவ்வொருவரும் தம்மிடம் வந்த நோயாளியைப் பற்றிச் சொல்வார். நிபுணர் கேட்டு வழிகாட்டுவார். மற்றவர்கள் கேட்டுக் கற்பார்கள். 407 நோயாளிகளை வைத்து 2011இல் வெளிவந்த ஆய்வு, பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானோர் 57.5 சதவீதம், கிராமங்களிலும் சிறைச்சாலைகளிலும் குணமானோர் 58.2 சதவீதம் என்று காட்டியது. நோயாளி பயணம் செய்யவில்லை. அறிவு பயணம் செய்தது.

தமிழ்நாட்டிலும் பார்க்க ஒன்று உண்டு. 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று, பிரஷர் கருவியையும் குளுக்கோமீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளப் பேர் விழாது என்பதால் கிளினிக் நாளைத் தவறவிடும் நம் லயத்து மக்களுக்கு இது எவ்வளவு உதவும்! பழகிய கைகள் இருந்தால் பிள்ளைக்காம்பராவின் வாசலிலேயே, கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே பிரஷர் பார்த்துவிடலாம்.

ஆனாலும் இணையத்தை மட்டும் நம்பிவிட முடியாது. கொழுந்து கிள்ளுவதை வீடியோவில் பார்த்துக் கற்ற யாரும் நம் மலையில் இல்லை. அம்மாவின் பக்கத்தில் நிரையில் நின்று, விரல் நோகக் கற்றவர்கள்தான் எல்லோரும். பட்டியை எவ்வளவு இறுக்கமாகச் சுற்றுவது, டொப்லரை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதெல்லாம் கைக்குள் ஏற வேண்டிய அறிவு. ஆகவே வீடியோவில் பார்த்ததை, சொந்தக் கிளினிக்கின் சொந்தக் கருவியில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கச் செய்து காட்ட வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு மூத்த தாதி ஒரு பகுதிக்குப் போய் வந்தால் போதும். செய்து காட்டியவருக்கே சான்றிதழ். பார்த்து முடித்தவருக்கு இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் செய்து காட்ட வேண்டும்.

சிக்னல் பற்றியும் உண்மையைப் பேசுவோம். 2021இல் இணைய வகுப்புக்காகப் பாறையிலும் மரத்திலும் ஏறிய பிள்ளைகளை இந்த நாடு படத்தில் பார்த்தது. அதே போன்ற சிக்னலோடுதான் மலையில் நம் மருத்துவமாதும் வேலை செய்கிறார். பெரும்பாலும் தன் சொந்தப் போனில், தன் காசில் டேட்டா போட்டு. பாடங்கள் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடக் கூடியவையாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பார்க்கும் நேரம் கடமை நேரத்துக்குள் வர வேண்டும். இரவு வீட்டு வேலை முடித்துவிட்டுக் கண் சொருகப் படிப்பதற்குப் பெயர் பயிற்சி ஆகாது.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோரின் தாய்மொழி தமிழ். தமிழில் மருத்துவம் கற்பிக்கச் சொற்கள் இல்லை என்று இன்னும் சிலர் சொல்லக் கேட்கிறேன். அவர்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைக்க வேண்டும். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் படித்து, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கினார். மின்சாரமே இல்லாத காலத்தில், இதே தீவில், பனையோலைக் கூரைகளுக்கு நடுவே அது முடிந்தது. போன் திரையில் ஐந்து நிமிட வீடியோ செய்ய இன்று முடியாதா?

யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இலிருந்து இயங்குகிறது. பேராதனை மருத்துவ பீடம் 1962இலிருந்து மலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டிலும் படித்த மலையகப் பிள்ளைகள் இன்று டொக்டர்களாக இருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்கும் கலை தெரிந்தவர்களோ பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் இருக்கிறார்கள். டொக்டர் விஷயத்தைச் சொல்லட்டும், ஆசிரியர் அதை நம் பேச்சில் பாடமாக்கட்டும், கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு மிஸ்ஸி கேமராவுக்கு முன் செய்து காட்டட்டும். ஒக்சிமீட்டர் பாடத்தில் வரும் விரல் கொழுந்தெடுக்கும் விரலாக இருக்கட்டும்.

மலையில் கடமை செய்யும் டொக்டர்களிலும் தாதியரிலும் பலர் சிங்களவர்கள். பனியிலும் மழையிலும், வீட்டை விட்டு வந்து, நம் மக்களுக்காக உழைப்பவர்கள். பாடம் அவர்களுக்குச் சிங்களத்தில் இருக்க வேண்டும். நோயாளியிடம் சொல்ல வேண்டிய நாலு தமிழ் வசனமும் அதே பாடத்தில் இருக்க வேண்டும். ‘கையைத் தளர்த்தி வையுங்க’, ‘அஞ்சு நிமிசம் பேசாம இருங்க’, ‘மூச்சை மெதுவா இழுங்க’. பேசிக்கொண்டிருப்பவரின் பிரஷர் கூடித்தான் காட்டும்; பேசாமல் இருங்கள் என்று அவர் மொழியில் சொல்லத் தெரிவதும் கருவியைக் கையாளும் திறனில் சேர்ந்ததே.

இனி, யார் எதைத் தூக்குவது? பாடநெறிக்கு அங்கீகாரம் கொடுப்பதும், அதைப் பதவி உயர்வோடு இணைப்பதும் சுகாதார அமைச்சால்தான் முடியும். கருவிகளைப் பராமரிக்கும் அமைச்சின் உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவு, மலைக்கு அதிகம் வந்திருக்கும் மாதிரிகள் எவை என்று பட்டியல் தந்தால் பாடம் பொதுவாக இல்லாமல் அந்தந்த மாதிரிக்கே செய்யலாம். 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி நாட்டுக்குள் வரும் மருத்துவக் கருவிகளைப் பதிவு செய்வது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. தமிழிலும் சிங்களத்திலும் பயன்பாட்டு விளக்கம் இல்லாமல் எந்தக் கருவியும் கிளினிக்குக்குப் போகக் கூடாது என்று அது கண்டிப்புக் காட்ட வேண்டும். மாகாண சுகாதாரத் திணைக்களம் பயிற்சிக்காக மாதம் ஒருமுறை பதில் ஆள் தர வேண்டும். கம்பனிகள் தங்கள் டிஸ்பென்சரிகளுக்கு ஒரு இணைய இணைப்பும், தோட்ட வைத்திய உத்தியோகத்தருக்கு வாரம் ஒரு மணி நேரமும் ஒதுக்கினால் கணக்கில் பெரிய துண்டு விழாது. ஆரோக்கியமான தொழிலாளி இல்லாமல் கொழுந்து ஸ்டோருக்குப் போய்ச் சேராது என்பதை முகாமையாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொழிற்சங்கங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். சம்பளத்துக்காக நீங்கள் நடத்திய போராட்டங்கள் எங்கள் தலைமுறையின் வயிற்றை நிறைத்தன. அடுத்த பேச்சுவார்த்தை மேசையில், டிஸ்பென்சரி ஊழியரின் பயிற்சி நேரத்தையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள். சந்தா கட்டும் தொழிலாளியின் உயிர் அதில் இருக்கிறது. சங்கங்கள் பல, இந்தக் கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அன்பு எங்களுக்குத் தெரியும். அடுத்த முறை பத்து மிஷின் அனுப்ப எண்ணினால் எட்டு அனுப்புங்கள். மிச்சக் காசில் அந்த மிஷினுக்குத் தமிழில் பாடம் செய்யுங்கள், உதிரி வடிகட்டி வாங்குங்கள், ஒரு வருடத்துக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வேலை செய்யும் தமிழ்த் தாதியர் எத்தனை பேர்! வாரம் ஒரு மாலை, திரையில் வந்து, மஸ்கெலியாவிலுள்ள ஒரு மிஸ்ஸியின் சந்தேகத்தைத் தீர்த்து வைக்க உங்களால் முடியும். பணத்தைவிட அது பெரிய உதவி.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையை உலுக்கியதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மண் சரிந்தது, பாலங்கள் போயின, ரயில் பாதை அறுந்தது, தோட்டங்கள் தனித்தனித் தீவுகள் போல ஆயின. அப்படிப்பட்ட நாட்களில் பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு நவீனமாக இருந்தாலும், மேலே இருப்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் கைதான் ஆஸ்பத்திரி. அந்தக் கைக்கு என்ன தெரியுமோ அதுவே அன்றைய மருத்துவம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஹட்டனை உள்ளடக்கிய அம்பகமுவை சுகாதார வைத்திய அதிகாரி பிரிவை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தே கருவிகள்: பிரஷர் கருவி, குளுக்கோமீட்டர், ஒக்சிமீட்டர், டொப்லர், ஒக்சிஜன் மிஷின். ஐந்து தமிழ்ப் பாடங்கள், ஐந்து சிங்களப் பாடங்கள். வாரம் அரை மணி நேரம் டிக்கோயா வைத்தியசாலையின் ஒரு டொக்டர் திரையில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். மாதம் ஒரு முறை மூத்த தாதி ஒருவரின் வருகை. அரசு ஊழியரும் தோட்ட ஊழியரும் ஒரே பட்டியலில். அடுத்த ஜனவரிப் பனிக்கு முன் இதைச் செய்து முடிக்கலாம்.

இதைப் படிக்கும் நீங்கள் தோட்டத்தில் இருப்பவரானால், இந்த வாரம் உங்கள் டிஸ்பென்சரிக்குப் போய், எந்தக் கருவி இயங்காமல் கிடக்கிறது, அதை இயக்க யாருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். கிடைத்த பதிலைத் தோட்டத் தலைவரின் கையெழுத்தோடும் கோயில் சபையின் கையெழுத்தோடும் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.